கேட்டெடுத்த விறகு

அவர் வேலிப் படலைக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி மணியை இரண்டு தரம் அடிப்பார். வீட்டுக்காரர் வெளியே வரும்வரை படலையில் கைகூட வைக்கமாட்டார். வந்ததும், என்ன ஏது என்று அவர்கள் கேட்பதற்கு முன்னரே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்.

"உங்கடை வளவிலை ஒரு கொய்யாக் கொப்பு பட்டுப்போய் நிக்குது. தந்தியளெண்டால் நானே அரிஞ்சு, குப்பையையும் கூட்டி அள்ளிக்கொண்டு போவன். பண்டி இறைச்சி புகைபோடுறதுக்கு."

கடைசி வசனத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் பாதி வீடுகளில் விறகு கிடைத்திருக்கும். நல்லூரை அண்டிய எங்கள் பக்கத்தில் மரக்கறிக்காரர் அதிகம். ஆடு, கோழி சாப்பிடுகிறவர்கள்கூட பன்றி என்ற சொல்லைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார்கள். "இல்லை, அது எங்களுக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார்கள். அவர் "சரி, நல்லது" என்று சொல்லி அடுத்த வீட்டுக்குச் சைக்கிளை உருட்டுவார். முகத்தில் கோபமோ வருத்தமோ தெரியாது. அடுத்த படலையிலும் அதே மணி, அதே வசனம்.

அவர் காங்கேசன்துறையில் வெளிநாட்டு இஞ்சினியர்மார் தங்கியிருந்த பங்களா ஒன்றின் குசினியில் சமையல் வேலை பார்த்தவர். அவர்களில் ஒருவர்தான் இறைச்சிக்கு உப்பும் மிளகும் தடவி, நெருப்பில்லாமல் புகையில் மட்டும் நாள் முழுக்கத் தொங்கவிட்டு எடுக்கிற முறையைச் சொல்லிக் கொடுத்தாராம். அங்கே மிஞ்சுகிற துண்டுகளைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவார். மனைவிக்கு அது பிடித்துப்போயிற்று. பிறகு மனைவிக்கு வயிற்றில் நோய் வந்தது. யாழ்ப்பாணம் பெரியாசுப்பத்திரிக்குக் கிட்ட இருக்கவேண்டுமென்று வேலையை விட்டுவிட்டு எங்கள் ஒழுங்கைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயதிருக்கும். பிள்ளைகள் இல்லை.

எது கொடுத்தாலும் மண்ணைத் தின்கிறமாதிரி இருக்கிறதென்று அவருடைய மனைவி, அந்த அம்மா, துப்பிவிடுவார். புகைபோட்ட இறைச்சியைக் கடதாசி மாதிரி மெல்லிதாகச் சீவி, பேக்கரிப் பாணுக்குள் வைத்துக் கொடுத்தால் மட்டும் நாலு வாய் இறங்கும். என்ன இறங்குகிறதோ அதைக் கொடுங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

இறைச்சிக்குக் கஷ்டமில்லை. பாசையூரில் அவருடைய மச்சான் சனிக்கிழமைகளில் பன்றி வெட்டுவார். கஷ்டமெல்லாம் விறகுக்குத்தான். பாலை விறகில் போட்டால் புகை தொண்டையை அறுக்கிறது என்றார். வேம்பு கசந்தது. தென்னம்மட்டை கரியாகப் படிந்தது. பழமரம்தான் வேண்டும். மா, கொய்யா, தோடை, மாதுளை, இவற்றில் ஏதாவது ஒன்று, நன்றாகக் காய்ந்தது. விறகு விற்கிற விறகுகாலைக்காரரிடம் போய்க் கேட்டபோது அவர் சிரித்தாராம்.

"காய்க்கிற மரத்தை ஆர் ஐயா வெட்டி விறகாக்கிறது? எப்பவாவது வந்தாலும் தச்சுவேலைக்காரர் விடமாட்டினம். அவையள் தாற காசு நீர் தருவீரோ?"

அவரால் தர முடியாது. அதனால்தான் படலை படலையாகப் போனார். அடுத்த ஊரான திருநெல்வேலிப் பக்கம் திராட்சை முந்திரிகைத் தோட்டங்களில் கொடி கத்தரிக்கிற காலத்தில் போய் நின்று, வெட்டி எறிகிற தண்டுகளைக் கட்டிக் கொண்டுவருவார். அது நல்ல புகைதான், ஆனால் இரண்டு மணித்தியாலத்தில் சாம்பலாகிவிடும். பட்ட தோடை மரம் ஒன்று நிற்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கரவெட்டி வரைக்கும் சைக்கிள் மிதித்துவிட்டு, சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வடிகிற கோலத்தில் ஒருநாள் திரும்பினார். மரத்துக்காரர் பத்து நாளுக்கு முதல் கிணற்றடியில் போட்டு எரித்துவிட்டாராம். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எங்களுடைய வீடும் அவருடைய வீடும் ஒரே வளவில் இருந்தன. வளவு மாமியுடையது. மாமி என்றால் என் கணவரின் தகப்பனாருடைய தமக்கை. காலமான தலைமையாசிரியர் ஒருவரின் மனைவி. முன்பக்கத்துப் பெரிய வீட்டில் அவர் தனியாக இருந்தார். பக்கத்துச் சின்ன வீட்டில் கச்சேரியில் கிளாக்கராக இருந்த என் கணவரும் நானும். பின்னால், கோடிப்புறத்து வீட்டுக்குத்தான் விறகு கேட்கிற அந்த மனிதர் குடிவந்தார். சுற்றிவர மாவும் மாதுளையும் கொய்யாவும் தோடையுமாக அந்த வளவு நிறைந்து கிடந்தது.

அவர் வீடு கேட்டு வந்த அன்று நான் மாமியோடு நின்றிருந்தேன்.

"அம்மா, நான் வேதக்காரன், கிறிஸ்தவன். வீட்டிலை இறைச்சி சமைக்கிறனான். மனிசிக்கு வருத்தம், அவவுக்காகப் பண்டி இறைச்சி புகைபோடுவன். உங்களுக்கு ஒத்துவராதெண்டால் இப்பவே சொல்லுங்கோ, நான் போட்டு வாறன்."

மாமி வெள்ளி செவ்வாய் மட்டுமல்ல, எந்த நாளும் முட்டைகூடத் தொடாதவர். அவர் வெடுக்கென்று ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் மாமி சொன்னது வேறு.

"இதுக்கு முதல் இருந்தவை மரக்கறியெண்டு சொல்லிப்போட்டு நண்டுக்கோதைக் கிணத்தடி மண்ணுக்குள்ளை தாட்டவை. நீர் முகத்துக்கு நேரை சொல்லுறீர். இரும். ஆனால் ஒண்டு. என்ரை வளவிலையிருந்து ஒரு சுள்ளிகூட உந்த வேலைக்குப் போகக்கூடாது. இவை என்ரை மனிசன் நட்டு வளர்த்த மரங்கள். சுவாமிக்குப் பழம் வைக்கிற மரங்கள்."

"போகாது அம்மா."

போகவில்லை. செங்கல்லை அடுக்கி, மேலே தகரம் போட்டு, ஆளுயரத்தில் ஒரு புகைக்கூடு கட்டினார். அதற்கு மேலேயே மாமியின் தோடங்கொப்பு ஒன்று வளைந்து நின்றது. காற்றுக்கு விழுகிற சுள்ளிகளை அவர் ஒன்றுவிடாமல் பொறுக்கி, மாமியின் குசினி வாசலில் கொண்டுபோய் அடுக்குவார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு சுள்ளி தேடி ஊருக்குள் போவார்.

எனக்கு அது விசராக, புத்தியில்லாத வேலையாகப் பட்டது.

"அண்ணை, அடுப்பெரிக்க எண்டு சொல்லிக் கேட்டால் தருவினமெல்லே? ஏன் எல்லாத்தையும் விளம்பிக்கொண்டு திரியிறியள்?"

"அடுப்புக்கெண்டு வாங்கிப்போட்டுப் புகைக்குப் போட்டால், அது கேட்டு எடுத்ததாகாது, பிள்ளை."

அதில் பெருமையில்லை. கறிக்கு உப்பு எவ்வளவு என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னார். ஒருமுறை நான் அவர்களுக்கு ஆட்டிறைச்சிக் கறி கொடுத்தனுப்பினேன். கோப்பையைக் கழுவித் திருப்பித் தரும்போது, "உப்புக் கூடிப்போச்சு, பிள்ளை. கறுவாப்பட்டை போட்டது நல்லது" என்றார். இரண்டு நாள் எனக்கு அவரோடு கதைக்க மனம் வரவில்லை.

இன்னொரு நாள் நடந்ததை நினைத்தால் இப்போதும் ஒருமாதிரி இருக்கும். நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுடைய வீட்டுக்குள்ளேயிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"இஞ்சேருங்கோ, நான் தப்புவனோ?"

"தப்பமாட்டாய் எண்டுதான் டொக்டர் சொல்லுறார்."

இப்படியும் ஒரு மனிதனா என்று நினைத்தேன். பிறகு அந்த அம்மா மெல்லச் சிரிப்பது கேட்டது.

"நல்லாயிருப்பாய் எண்டு நீங்கள் சொல்லியிருந்தால், இண்டைக்கே சாகப்போறனாக்குமெண்டு பயந்திருப்பன்."

அந்த வருடம் கார்த்திகையில் அடித்த புயலில் மாமியின் கிணற்றடி மாமரத்திலிருந்து பெரிய கொப்பொன்று முறிந்து விழுந்தது. மாமியின் பிள்ளைகள் சின்ன வயதில் ஊஞ்சல் கட்டி ஆடிய கொப்பு. ஆள் பிடிக்கவேண்டாம் என்று சொல்லி, அவரே மரம் அரிகிற வாளை எடுத்து இரண்டு நாள் அரிந்தார். துண்டுகளை மாமியின் பின்விறாந்தையில் சுவரோடு அழகாக அடுக்கினார். கூலி வாங்கவில்லை. ஒரு துண்டு கேட்கவுமில்லை. மாசி போய்ப் பங்குனி வந்தபோது அந்த விறகு நன்றாகக் காய்ந்து, தட்டினால் கணீரென்றது. பின்பக்கம் போகும்போதெல்லாம் அவர் அதைப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன்.

அந்தப் பங்குனியில் அந்த அம்மா மூன்று நாளாக எதையும் வாயில் வைக்கவில்லை. உப்புப் போட்ட இறைச்சி சட்டிக்குள் தயாராக இருந்தது. புகைபோட விறகில்லை. முந்திரிகை கத்தரிக்கிற காலமும் இல்லை. காலையில் வெளிக்கிட்ட மனிதர் மத்தியானம் திரும்பி வந்தார். சைக்கிளின் பின் கரியரில் வெறுங்கயிறுதான் கிடந்தது. படலையடியில் இறங்கி, இருக்கையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, உள்ளே வராமல் கனநேரம் நின்றார்.

நான் நேரே மாமியிடம் போனேன். உள்ளதைச் சொல்லிக் கேட்டிருக்கலாம். மாமி தந்திருக்கவும் கூடும். இத்தனை வருடமாக நான் திரும்பத் திரும்ப நினைப்பது அதைத்தான். ஆனால் அன்றைக்கு என் வாயில் வந்தது வேறு.

"மாமி, எங்கடை வீட்டிலை ஒரு சாந்தி செய்யவேணும். ஐயர் ஓமத்துக்கு மாவிறகு கேட்டவர்."

எனக்குக் கலியாணமாகி அப்போது நாலு வருடம். பிள்ளையில்லை. என்ன சாந்தி என்று நான் சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை. மாமியின் கண் கலங்கிப்போயிற்று.

"எடு பிள்ளை. வேணுமெண்டதை எடு. நல்லதாய்ப் பாத்து எடு. இதுக்கில்லாமல் வேறை எதுக்கு?" என்று சொல்லி, சாக்கையும் தானே கொண்டுவந்து தந்தார்.

நான் ஒழுங்கையைச் சுற்றிக்கொண்டுபோய்க் கோடிப்பக்கத்து வேலியிலிருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து, சாக்கை அவர் வாசலில் இறக்கினேன். அவர் ஒரு துண்டை வெளியே எடுத்தார். அதன் அரிந்த முகத்தைப் பெருவிரலால் தடவினார்.

"எங்கையிருந்து, பிள்ளை?"

"கோப்பாயிலை எங்கடை அண்ணை வீட்டிலையிருந்து. ஆள் அனுப்பிக் குடுத்துவிட்டவர்."

"கேட்டோ எடுத்தனீங்கள்?"

"ஓம், கேட்டுத்தான்."

"என்னத்துக்கெண்டும் சொன்னனீங்களோ?"

"சொன்னனான் அண்ணை."

அவர் என்னைப் பார்க்கவில்லை. விறகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அந்த அம்மா இருமினார். "சரி" என்று சொல்லிவிட்டுச் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனார். அன்று பின்னேரம் வளவெல்லாம் இனிப்பான ஒரு வாசனை பரவிற்று. அடுத்தநாள் அந்த அம்மா மூன்று துண்டு பாண் சாப்பிட்டாராம். கிணற்றடியில் அதை எனக்குச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. நான் கவனித்தேன். ஆனால் ஏனென்று யோசிக்கவில்லை. எனக்கு என்னைப்பற்றிப் பெருமையாக இருந்தது.

இரண்டு கிழமைக்குப் பிறகு மாமி ஊறுகாய்க்குத் தேசிக்காய் பிடுங்கக் கோடிப்புறம் போனார். புகைக்கூட்டுக்குப் பக்கத்தில் எரிக்காமல் கிடந்த ஒரு துண்டில் ஊஞ்சல் கயிறு தேய்த்த தழும்பு இருந்தது. மாமியின் குரலைக் கேட்டு நான் ஓடிப்போனபோது, அவர் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மாமிக்கு முன்னால் அந்த மனிதர் நின்றார்.

"உது ஆற்றை மரம்?"

"உங்கடை மரம், அம்மா."

"உதை ஆர் எடுத்தது?"

அவர் தலையைக் குனிந்து நிலத்தைப் பார்த்தார்.

"நான் கேக்கிறன், ஆர் எடுத்தது?"

"கொளுத்தினது நான்தான் அம்மா."

"கொளுத்தினது ஆரெண்டு எனக்குத் தெரியும்!"

மாமி என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தாலும், என்னோடு பேசும்போது குரலைத் தணித்துக்கொண்டார்.

"பிள்ளை, நீ ஓமத்துக்கெண்டு கொண்டுபோனது உன்ரை வீட்டிலை இருக்குதுதானே?"

நாங்கள் மாமியின் வீட்டில் இருந்தோம். மாமியின் கிணற்றில் தண்ணீர் அள்ளினோம். என் கலியாணத்தைப் பேசி முடித்ததே மாமிதான். இதெல்லாம் பிறகு நானாகத் தேடிச் சேர்த்துக்கொண்ட காரணங்கள். அந்தக் கணத்தில் ஒரு காரணமும் என் மனதில் இல்லை. பயம் மட்டும்தான்.

"ஓம் மாமி. எல்லாம் அப்பிடியே இருக்குது."

அவர் அப்போதுதான் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஒரு கணம்தான் பார்த்தார். பிறகு மறுபடி நிலத்தைப் பார்த்தார்.

"விறாந்தையிலை அடுக்கினதிலையிருந்து எடுத்திருக்கிறீர்," என்றார் மாமி. "அடுக்கினதும் நீர், எடுத்ததும் நீர். பண்டியெண்டு சொன்னபோதுகூட நான் உம்மை இருத்தினன். பொய் சொல்லமாட்டீரெண்டுதான் இருத்தினன். கேட்டிருந்தால் திட்டியிருப்பன். திட்டிப்போட்டுத் தந்தும் இருப்பன். இந்த மாசத்தோடை வீட்டை விடும்."

"சரி அம்மா."

அவ்வளவுதான். அந்த மாதக் கடைசிவரை காத்திருக்கவில்லை. ஐந்தாம் நாள் ஒரு வாடகைக் காரில் அந்த அம்மாவை ஏற்றினார். இரண்டு பேர் தாங்கித்தான் கூட்டிவந்தார்கள். முதல்நாளே புகைக்கூட்டைக் கல் கல்லாகப் பிரித்து, சாம்பலைக் கிடங்கு வெட்டித் தாட்டு, நிலத்தைக் கூட்டியிருந்தார். கடைசியாக வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொண்டுபோய் மாமியிடம் கொடுத்தார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். ஒழுங்கையில் எல்லோரும் அதைத்தான் கதைத்தார்கள். உண்மை பேசுகிறவனென்று பேரெடுத்துக் கொண்டு களவெடுத்திருக்கிறான், பார்த்தீர்களா என்றார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தும் கதைத்தார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

ஆனி பிறக்க முன்னரே அந்த அம்மா பாசையூரில் இறந்துபோனார் என்று கேள்விப்பட்டேன். செத்தவீட்டுக்கு நான் போகவில்லை.

அவரைத் தேடிப் போக ஆறு வருடம் எடுத்தது. அதற்குள் எனக்கு ஒரு மகள் பிறந்திருந்தாள். மாமியிடம் சொன்ன சாந்தியைப் பிறகு பயத்தில் உண்மையாகவே செய்தோம். ஓமத்துக்கு வேறு விறகை விறகுகாலையில் வாங்கினோம். மகள் பிறந்தது தன் மாவிறகால்தான் என்று மாமி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் அப்படிச் சொல்லுந்தோறும் நான் குசினிக்குள் போய்விடுவேன். ஒருநாள் தாங்கமுடியாமல் பாசையூருக்கு பஸ் ஏறினேன்.

வேதக்கோயிலுக்குப் பக்கத்தில், பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு விடுதியின் குசினியில் அவர் வேலையாக இருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் எழும்பி, மர வாங்கைத் துடைத்து இருக்கச் சொன்னார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும், பிள்ளை."

"என்ன தெரியும்?"

"நீங்கள் சாக்கை இறக்கேக்கையே தெரியும். அது நான் அரிஞ்ச விறகெல்லே? என்ரை வாளிலை ஒரு பல்லு முறிஞ்சிருந்தது. வெட்டின முகத்திலை அந்தக் கோடு விழும். கோப்பாயிலையிருந்து வந்ததெண்டு நீங்கள் சொல்லேக்கை என்ரை விரல் அந்தக் கோட்டிலைதான் இருந்தது."

"அப்ப ஏன் அண்ணை…"

"அவ மூண்டு நாளாய் ஒண்டும் தின்னேல்லை. உங்களிட்டைத் திருப்பித் தந்திருக்கலாம். தரேல்லை. தெரிஞ்சுகொண்டுதான் கொளுத்தினனான். பிறகு என்ன முகத்தோடை உங்களைக் காட்டிக் குடுக்கிறது?"

கடற்காற்றுக்குக் குசினிக் கதவு அடித்துக்கொண்டிருந்தது. எழும்பிப் போய்க் கொளுவிவிட்டு வந்தார்.

"இப்ப புகைபோடுறேல்லையோ?"

"இல்லை. ஆருக்கு?"

நான் வெளிக்கிடும்போது படலைவரை வந்தார். அவர் யாரிடமும் விறகைத் தவிர வேறெந்த உதவியும் கேட்டு நான் அறியேன். அன்றைக்கு ஒன்று கேட்டார்.

"மாமி இருக்கிறாவோ?"

"இருக்கிறா."

"அப்ப அவவிட்டைச் சொல்லுங்கோ. எனக்காக இல்லை. அவ என்னை நம்பி வீடு தந்தவ. ஆளை எடைபோடத் தெரியாமல் ஏமாந்துபோனன் எண்டு நினைச்சுக்கொண்டிருப்பா. அது அவவுக்குப் பெரிய குறை."

"சொல்லுறன் அண்ணை. கட்டாயம் சொல்லுறன்."

பிறகு நாலு வருடம் மாமி உயிரோடு இருந்தார். ஒரே வளவு. ஒரே கிணறு. சொல்லவேண்டுமென்று போவேன். மாமி என் மகளுக்குத் தலைவாரிக் கொண்டிருப்பார். நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பிவிடுவேன். கோடிப்புறத்து வீட்டை மாமி அவருக்குப் பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டு வந்தவர்களிடம், "ஆரை நம்பிக் குடுக்கிறது?" என்பார். அதைக் கேட்ட நாட்களிலும் நான் சொல்லவில்லை. கடைசி ஒரு மாதம் மாமிக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. பிறகு இறந்துபோனார்.

செத்தவீட்டன்று ஒழுங்கை முழுக்கச் சனம். காலையில் படலைக்கு வெளியே சைக்கிள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்பதைக் கண்டேன். உள்ளே வரவில்லை. நான்தான் வெளியே போனேன்.

"கேள்விப்பட்டு வந்தனான்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, அவவிட்டைச் சொன்னனீங்களோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

அந்தச் சொல் எப்படி வந்ததென்று எனக்குத் தெரியாது. அவருடைய முகம் அப்படியே இளகிற்று.

"என்ன சொன்னவ?"

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தபிறகு நிறுத்த முடியவில்லை.

"உங்களைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவ, அண்ணை. உங்களை ஒருக்காப் பாக்கவேணுமெண்டு கேட்டுக்கொண்டே இருந்தவ."

அவர் சைக்கிளின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மனைவியைக் காரில் ஏற்றிய அன்றுகூட அழாத மனிதர். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிற்று, துடைக்கவில்லை.

"எனக்குத் தெரியாமல் போச்சே, பிள்ளை," என்றார். "நான் முந்தியே வந்திருக்கவேணும். நான் வராமல் விட்டிட்டன்."